கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும்

எட்டாம் வகுப்பில் இருந்தபோது, தெருமுனை வாடகை நூலகத்தில் ஒரு மாத நாவல் எடுத்து வந்தேன். இருபதாம் பக்க ஓரத்தில் யாரோ நீல பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள்: "கொன்னது டாக்டர்தான்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாடகை கொடுத்தாயிற்று, காசு வீணாகக் கூடாது என்று மேலே படித்தேன். டாக்டர் வரும் இடங்களில் எல்லாம் அவர் யாரைப் பார்க்கிறார், எந்தக் கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று கவனித்துக்கொண்டே போனேன். முடித்தபோது ஒன்று புரிந்தது. நல்ல எழுத்தாளனை அந்தப் பேனாக்காரனால் ஒன்றும் செய்ய முடியாது.

அதிலிருந்து முப்பது வருடங்களாக எனக்கு அதுதான் அளவுகோல். கொலையாளி தெரிந்த பிறகும் இரண்டாம் முறை படிக்க முடிகிறதா? முடிந்தால்தான் அடுத்தவருக்குச் சொல்வேன். இங்கே சொல்லும் எல்லோரையும் குறைந்தது இரண்டு முறை படித்திருக்கிறேன். முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

எங்கள் தலைமுறைக்குப் பாதை போட்டவர்கள் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. விவேக்–ரூபலா, பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி என்று அவரவர் துப்பறியும் ஜோடிகளோடு பஸ் ஸ்டாண்டு கடைக் கயிற்றில் தொங்கிய புத்தகங்கள்தான் பலருக்கு வாசிப்பையே கற்றுக்கொடுத்தன. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் இரண்டாம் முறை என்று வந்தால் நான் போவது சுஜாதாவிடம். 1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' காலத்தில் வக்கீல் கணேஷ் தனியாகத்தான் வந்தார், வசந்த் பிறகு சேர்ந்துகொண்டவர். அந்த இருவரின் பேச்சுக்காகவே நான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். ஒருவர் நிதானம், ஒருவர் துள்ளல். நடுவில் தடயம் ஒன்று சத்தமில்லாமல் கடந்து போயிருக்கும். முதல் தடவை சிரித்துவிட்டு நகர்ந்த வரி, அடுத்த தடவை நம்மை நிறுத்தும்.

ரத்தம் பிடிக்காதவர்களுக்கு தேவனின் துப்பறியும் சாம்பு. வங்கி குமாஸ்தா, தப்புத் தப்பாக யோசித்தே குற்றவாளியைப் பிடித்துவிடுவார். என் அத்தைக்குக் கொடுத்தேன், திரும்பி வரவே இல்லை.

அகதா கிறிஸ்டியை யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு வார்த்தை: 1926-ல் வந்த ரோஜர் ஆக்ராய்ட் நாவலைப் பற்றி எவரிடமும் பேசுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். படித்த கையோடு முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். அந்த அம்மா எங்குமே பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

ஜார்ஜ் சிமெனோன் வேறு ரகம். பெல்ஜியத்தின் லியேழ் நகரில் பிறந்தவர், பாரிஸ் போலீஸ் அதிகாரி மெக்ரேவை வைத்து 75 நாவல்கள் எழுதியவர். பெரும்பாலும் சின்னச் சின்னப் புத்தகங்கள், எளிய வாக்கியங்கள். ஆங்கிலத்தில் படிக்கத் தயங்கும் நண்பர்களுக்கு முதலில் இவரைத்தான் தருகிறேன். மெக்ரே தடயம் பொறுக்குவதைவிட, செத்தவன் வாழ்ந்த தெருவில் உட்கார்ந்து பீர் குடிப்பதுதான் அதிகம். கட்டடம் முழுவதையும் சூடேற்றும் வசதி வந்த பிறகும் தன் அறையின் பழைய கரிக் கணப்பை எடுக்க விடாதவர். யார் கொன்றது என்பதைவிட, இந்த மனிதன் எப்படி இந்த இடத்துக்கு வந்தான் என்பதே அவருக்குக் கேள்வி. அதனால்தான் முடிவு தெரிந்தாலும் புத்தகம் நீர்த்துப்போவதில்லை.

ஸ்வீடன் எழுத்தாளர் ஜோடி மாய் ஷொவால், பெர் வாலூ. 1965 முதல் 1975 வரை ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்றாக, மார்ட்டின் பெக் என்ற போலீஸ்காரரை வைத்துப் பத்து நாவல்கள். முதல் நாவலில் கால்வாயைத் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யார் என்று கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆகின்றன. ராஜேஷ்குமார் வேகத்துக்குப் பழகிய அலுவலக நண்பரிடம் இதைக் கொடுத்தேன். நாற்பது பக்கத்தில் திருப்பித் தந்துவிட்டார். பிழை என்னுடையது. அவர் எதற்காகப் படிக்கிறார் என்று கேட்டிருக்க வேண்டும். பிறகு அவருக்கு ஜப்பான் எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'சஸ்பெக்ட் எக்ஸ்' கொடுத்தேன். கொலை ஆரம்பத்திலேயே நம் கண்ணெதிரே நடந்துவிடுகிறது, அப்படியும் கடைசிவரை நெஞ்சு படபடக்கிறது. ஒரே ராத்திரியில் முடித்தார்.

இனி என் மனசுக்கு மிக நெருக்கமானவர், ஜப்பானின் செய்ச்சோ மாட்சுமோட்டோ. 1909-ல் பிறந்தவர், தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றுபோய், நாற்பதைத் தாண்டிய பிறகு எழுத்தில் பெயர் பெற்றவர். 1958-ல் புத்தகமாக வந்த அவருடைய ரயில் நாவலான 'பாயின்ட்ஸ் அண்ட் லைன்ஸ்'-இல், ஃபுகுவோகா பக்கம் ஒரு கடற்கரையில் ஆணும் பெண்ணும் இறந்து கிடக்கிறார்கள். காதலர் தற்கொலை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். வயதான உள்ளூர் துப்பறிவாளர் ஒருவருக்கு மட்டும் ஒரு காகிதம் உறுத்துகிறது. இறந்தவன் பாக்கெட்டில் இருந்த, ரயிலிலேயே உட்கார்ந்து சாப்பிடும் உணவகப் பெட்டியின் ரசீது. அதில் 'ஒருவர்' என்று இருக்கிறது. சேர்ந்து சாகப் புறப்பட்டவன் தனியாகவா சாப்பிடுவான்? வீட்டுக்குப் போய்த் தன் மகளிடம் கேட்கிறார். பசியில்லாவிட்டாலும் நான் கூடப் போய் உட்காருவேன் என்கிறாள் அவள். வழக்கு அந்த இடத்தில் திரும்புகிறது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஒரு சாப்பாட்டு ரசீதும், மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் பிரியம் பற்றிய ஒரு கேள்வியும்தான்.

பிறகு டோக்கியோ நிலையம். 13-ஆம் நடைமேடையில் நிற்பவருக்கு 15-ஆம் நடைமேடை ரயில் மறைவில்லாமல் தெரிவது, அந்த நேரத்தில் வெறும் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் ஒரு காட்சியை யாரோ பார்க்கிறார்கள். தற்செயலா, திட்டமா? மாட்சுமோட்டோ இதற்கு அன்றைய நிஜமான கால அட்டவணையையே வைத்து எழுதினார்.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பாவிடம் இதைக் கொடுத்தேன். கதைப் புத்தகமே படிக்காதவர். நான்கு நாள் கழித்துப் போனபோது, காலண்டர் தாளின் பின்பக்கம் நடைமேடைகளைக் கோடு போட்டு, ரயில்கள் வரும் நேரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். "அந்த நாலு நிமிஷம் கரெக்டா வருதுடா தம்பி. இந்த ஆளு ரயில்வேல வேலை பாத்தவனா?" என்றார். இல்லை சித்தப்பா, செய்தித்தாள் ஆபீசில் இருந்தவர் என்றேன். நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார். "யாருன்னு பாதியிலயே தெரிஞ்சுபோச்சு. ஆனா எப்படின்னு தெரியாம கீழ வைக்க முடியல" என்றார்.

அவருக்கு அவசரமில்லை என்று தெரிந்துகொண்டு மார்ட்டின் பெக் வரிசையை முதல் புத்தகத்திலிருந்து கொடுத்தேன். அதை வரிசை மாற்றாமல்தான் படிக்க வேண்டும். பெக்கின் சளியும் வயிற்று உபாதையும் கசந்துபோகும் குடும்ப வாழ்க்கையும் புத்தகத்துக்குப் புத்தகம் நகர்கின்றன. சித்தப்பா இப்போது மூன்றாவதில் இருக்கிறார்.