பதின்மூன்று ராடா, பதினைந்து ராடா?

கூடுவாஞ்சேரியிலிருந்து நெல்லிக்குப்பம் போகும் சாலையை ஒட்டிச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிப் போட்ட மனையில் வீட்டு வேலையைத் தொடங்குவதற்காக, டொராண்டோவிலிருந்து இம்முறை ஆறு வார விடுப்பில் வந்திருந்தேன். பட்டா, வரைபட அனுமதி, தற்காலிக மின் இணைப்பு ஆகியவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. எழுத வேண்டியது போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்ட அந்த ஓர் இரவைப் பற்றித்தான், அதிலும் 40 அடியைப் பற்றி.

ஊராட்சியின் குடிநீர்க் குழாய் பிரதான சாலையோடு நின்றுவிட்டது. எங்கள் மனைப்பிரிவுக்குள் இன்னும் வரவில்லை. கடைக்கால் போடுவதற்கே 12,000 லிட்டர் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி முடியாது என்று கொத்தனார் முதல் நாளே சொல்லிவிட்டதால், சித்தப்பா தமக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவரைப் பிடித்தார். நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு மனையைச் சுற்றி வந்து, வடகிழக்கு மூலையில் அது எழுந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பால் குறியிட்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் செப்டிக் டேங்க் வரவேண்டிய மூலையில் தேங்காய் நின்றுவிடக்கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன்.

இரவு 10 மணிக்கு மேல் திருச்செங்கோட்டு வண்டிகள் இரண்டு வந்து சேர்ந்தன, ஒன்றில் துளையிடும் ரிக், மற்றொன்றில் அதோடு ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து இறக்கும் இரும்புக் குழாய்களான ராடுகள். பேச்சு எளிமையானது: 300 அடி வரை அடிக்கு 110 ரூபாய், அதற்குக் கீழே போனால் ஒவ்வொரு 100 அடிக்கும் விலை ஏறும், மண் சரியாமலிருக்க மேல்பகுதியில் இறக்கும் கேசிங் குழாய்க்குத் தனிக் கணக்கு. ஒரு ராடு 20 அடி என்பதால், இறக்கிய ராடுகளை எண்ணினால் ஆழம் தெரிந்துவிடும். 1993-இல் நங்கநல்லூர் வீட்டில் போர் போட்டபோது என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் ஒரு புளியங்கொட்டையை முறத்தின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தது நினைவிருக்கிறது. அன்றைக்குக் கணக்கில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் புளியங்கொட்டைக்குப் பதிலாகச் செல்பேசியில் குறித்துக்கொண்டேன்.

முதலில் செம்மண், பிறகு மொரம்பு, 55 அடியில் கருங்கல். 60 அடிக்குக் கேசிங் இறங்கியதும், கோதுமை மாவு போன்ற சாம்பல் நிறப் புழுதி புகையாக எழும்பி, பக்கத்து மனையில் நின்றிருந்த வேப்பமரத்தையே மூடிவிட்டது. கல்கத்தாவில் ஆங்கில வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் பரங்கிமலைப் பக்கத்துக் கல்தான்; அவர் பெயரை வைத்தே 1893-இல் அதற்குச் சார்னோகைட் என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அந்தக் கல்லைத்தான் இங்கே ஏதோவொரு ஆழம் வரை துளைத்தார்கள். எந்த ஆழம் வரை என்பதுதான் பிரச்சினை.

190 அடியில் கேப், அதாவது தண்ணீர் வரும் பாறை வெடிப்பு, வந்தது. புழுதி நின்று, சேறு கக்கி, பிறகு தண்ணீர் பீய்ச்சியடித்தது. நீர்வரத்து ஒன்றரை இஞ்ச் தேறும் என்று ஓட்டுநர் சொன்னார். நனைந்த மண்ணின் வாசனையில் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்தது. இன்னும் கொஞ்சம் கீழே போனால் கோடையிலும் வற்றாது என்றார்கள், சரி என்றோம். ஒன்றரை மணி வாக்கில் டொராண்டோவிலிருந்து மகள் அழைத்தாள். கம்ப்ரசர் இரைச்சலில் எதுவும் கேட்காததால் தெருமுனைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். சித்தப்பா அதற்குள் காரில் உறங்கிப்போயிருந்தார்.

விடியற்காலை நான் வைத்திருந்த கணக்கு 13 ராடு, அதாவது 260 அடி. ஏஜென்ட் எழுதிக் கொடுத்த ரசீதில் 300 அடி. நீங்கள் போன் பேசப் போனபோது இரண்டு ராடு இறங்கியது என்றார். பாறையில் ஒரு ராடு இறங்கக் கால் மணி நேரம் ஆனதை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். என் செல்பேசியோ அந்த அழைப்பு 11 நிமிடம் என்கிறது. 4,400 ரூபாய், டொராண்டோவில் குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிட்டால் போய்விடும் தொகை, என்று மனைவி தொலைபேசியில் சொன்னது உண்மைதான். ஆனால் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆன்டாரியோவில் கிராமப்புறத்தில் வீடு கட்டிய என் நண்பரின் கிணற்றுக் குழாயில் எண் பொறித்த வில்லை ஒன்று இருக்கிறது; துளையிட்டவரே எந்த ஆழத்தில் என்ன மண், எங்கே பாறை, எங்கே தண்ணீர் என்று எழுதி அரசுக்கு அனுப்பி, உரிமையாளருக்கும் ஒரு படி தரவேண்டும். அங்கே ஆகும் செலவு இங்கிருப்பதைவிடப் பல மடங்கு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என் கையிலோ கார்பன் வைத்து எழுதிய ஒரு துண்டுச்சீட்டு.

கயிறு விட்டுப் பார்த்துவிடுவோம் என்று பிடிவாதமாக நின்றேன். நைலான் கயிற்றின் நுனியில் இரும்புப் போல்ட்டைக் கட்டி இறக்கி, அது தொய்ந்ததும் குழாயின் வாய் மட்டத்தில் முடிச்சுப் போட்டு மேலே இழுத்து, ஜல்லிச் சாலையில் நீளமாகக் கிடத்தி, கொத்தனாரின் டேப்பை வைத்து அளந்தோம். முடிச்சிலிருந்து 62 அடி வரை கயிறு காய்ந்திருந்தது, அதற்குப் பிறகு நனைந்திருந்தது; தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் அந்த ஈரம் காட்டியபோது சண்டையை ஒரு நிமிடம் மறந்தேன். மொத்த நீளம் 251 அடி. ஏஜென்ட் அசரவில்லை. அடியில் சேறு உட்கார்ந்திருக்கும் சார், ஐம்பது அடி கூட உட்காரும் என்றார். அது பொய் என்று நிரூபிக்க என்னிடம் வழியில்லை. ஒன்பது அடி சேறு உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால்தான் என் 260-க்கும் கணக்கு ஒத்துவருகிறது.

சித்தப்பா நடுவில் புகுந்து, போகட்டும், 280 என்று வைத்துக்கொள்வோம் என்று முடித்தார். நான் வாய் திறப்பதற்குள் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டார். ரசீதை மட்டும் யாரும் திருத்தவில்லை.

மூன்று நாள் கழித்து மோட்டார் இறக்க வந்தவர் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே, எத்தனை அடி சார் என்று கேட்டார். நான் 260 என்றேன். அதே நேரத்தில் சித்தப்பா 280 என்றார். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ரசீதைக் கேட்டு வாங்கிப் படித்தார், சிரித்தார், 220-இல் தொங்கவிடுவதாகச் சொல்லிவிட்டுக் குழாயை இணைக்கத் தொடங்கினார்.