10 எச்பி விஎஃப்டி ஸ்க்ரூ கம்ப்ரஸர்: ஒரு வருஷம் ஓட்டுனதுக்கப்புறம் ரிவ்யூ

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேங்க. நமக்கு கோயமுத்தூர் கணபதி பக்கம் லேத் பட்டறை, பம்ப் பார்ட்ஸ் ஜாப் ஒர்க், காத்து இல்லேன்னா சிஎன்சில (கம்ப்யூட்டர்ல ஓடற லேத்) பீஸை புடிக்கற சக் புடிக்காது, அதனால கம்ப்ரஸர் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஓடியே ஆகணும். முன்னாடி இருந்தது பிஸ்டன் டைப், அது ஓடுனா பக்கத்துல நின்னு போன் பேச முடியாது. இது பக்கத்துலயே டீ குடிச்சுட்டு பேசலாம்.

விஷயம் என்னன்னா, சாதா ஸ்க்ரூ கம்ப்ரஸர் காத்து தேவைப்படாதப்பவும் சும்மா சுத்திக்கிட்டு ஃபுல் லோடுல கால்வாசிக்கு மேல கரண்ட் இழுக்கும். விஎஃப்டின்னா மோட்டார் வேகத்தை மாத்தற டிரைவ், அது இருந்தா காத்து எவ்ளோ வேணுமோ அதுக்கு தகுந்தாப்ல மோட்டார் வேகம் ஏறி எறங்கும். மாட்ட வந்த பையன் கெட்டிக்காரன், மொதல்ல சோப்பு தண்ணிய எடுத்து ஜாயிண்ட் ஜாயிண்ட்டா அடிச்சு பாத்தான், ஹோஸ் கிளிப்கிட்ட எல்லாம் நுரை கொப்புளிச்சுது. சரியா பாத்துக்காத பட்டறைல 20, 30 சதவீத காத்து லீக்லயே போயிருமாம். அப்பறம் பிரஷர் செட்டிங்கை 7.5 பார்ல இருந்து 6.5க்கு எறக்குனான், ஒரு பார் கொறச்சாலே கரண்ட் ஆறு ஏழு சதவீதம் மிச்சம். இதுக்கு ஒரு பைசா செலவில்ல பாருங்க.

பில் நல்லாவே எறங்குச்சு. எங்கப்பாவுக்கு அதுல சந்தோசமே இல்ல, "யூனிட் கொறஞ்சா ஆர்டர் கொறஞ்சுதுன்னு அர்த்தம்டா"ங்கறாரு. அவரு பாத்த ஊரு அப்படி. 1932ல நீலகிரி பைக்காரால இருந்து தண்ணில எடுத்த கரண்ட் வந்ததுக்கப்புறந்தான் இங்க மில்லு மில்லா எந்திரிச்சுது, கெணத்துக்கு மோட்டார் வந்துச்சு, அந்த மோட்டாரை இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. 2012ல பத்து மணி நேரத்துக்கு மேல கட் ஆனப்ப சின்ன பட்டறைக எவ்ளோ அடிவாங்குச்சுன்னும் பாத்தவரு. சைனால லீ கெச்சியாங் பிரதமர் ஆகறதுக்கு முன்னாடி, 2007ல, ஜிடிபி கணக்கை நம்பறதில்ல, கரண்ட் செலவு, ரயில் சரக்கு, பேங்க் லோன் இந்த மூணத்தான் பாக்கறேன்னு அமெரிக்க தூதர்கிட்ட சொன்னாராம், விக்கிலீக்ஸ்ல வந்துச்சு. எங்கப்பாவும் அதே கட்சி.

ஆனா இங்கிலாந்துல 2005 வாக்குல உச்சத்துக்கு போன கரண்ட் செலவு அப்பறம் எறங்கிட்டே வந்துச்சு, பொருளாதாரம் அதோட சேந்து எறங்கல. ஃபேக்டரி கொஞ்சம் வெளிநாடு போனதும் ஒரு காரணம், மெஷினும் லைட்டும் கம்மியா கரண்ட் சாப்பிட ஆரம்பிச்சதும் காரணம். அதனால மொத்த யூனிட்டை மட்டும் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாதுங்க, ஒரு பீஸுக்கு எத்தனை யூனிட்டுன்னு பாக்கணும், நான் இப்ப நோட்டு போட்டு அதைத்தான் எழுதிட்டிருக்கேன்.

இன்னொரு கூத்து. ஒரே நேரத்துல இழுக்கற கரண்ட்ல (டிமாண்ட்) எடம் மிச்சமாச்சேன்னு இன்னொரு சிஎன்சி எறக்குனேன், ஈபி குடுத்த சாங்ஷன் லோடுக்குள்ளயே நிக்குது, ஆனா பில் பழையபடி வந்துருச்சு. அப்பா மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. பீஸ் எண்ணிக்கை எச்சா போயிருக்கு, அதை சொன்னா "அதத்தான நானும் சொன்னேன்"ங்கறாரு, என்னத்த பேசறது.

ஒரு ஸ்டார் கொறச்சது எதுக்குன்னா, வோல்டேஜ் கொஞ்சம் டிப் ஆனாலே டிரைவ் ட்ரிப் ஆகுது. பட்டறை தூசிக்கு பேனல் ஃபில்டரை வாரம் ஒருக்கா ஊதி விடணும், மறந்தா சூடேறி நிக்கும். ஆயில், செபரேட்டர் எல்லாம் சேத்து சர்வீஸ் கிட் வெலை பிஸ்டனுக்கு ஆகறதை விட ரொம்ப எச்சு, வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. உங்களுது நாள் முழுக்க ஃபுல் லோடுல காத்து இழுக்கற யூனிட்டுன்னா இது வேண்டவே வேண்டாங்க, சாதா ஃபிக்ஸட் ஸ்பீடே போதும், டிரைவுக்கு போட்ட காசு திரும்பி வராது.