உப்புத் தண்ணீர் லைனுக்குக் கன்மெட்டல் கேட் வால்வு வாங்கலாமா?

வாங்கலாம், கன்மெட்டல் என்பது செம்போடு வெள்ளீயமும் கொஞ்சம் துத்தநாகமும் கலந்த உலோகம். ஆனால் ஸ்பிண்டிலை, அதாவது வீலைச் சுற்றினால் உள்ளே தண்ணீரை மறிக்கும் கேட்டை ஏற்றி இறக்குகிற தண்டை, பார்த்து வாங்குங்கள். எங்கள் மொட்டை மாடி டேங்கில் ஒரு இன்ச் கன்மெட்டல் கேட் வால்வு போட்டுச் சில வருஷம் ஆகிறது, பாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே லேசாகப் பச்சை பூத்திருக்கிறது, அவ்வளவுதான். அது அரிப்பு என்று பயப்பட வேண்டாம், செம்பு தன்மேல் தானே போட்டுக்கொள்கிற படலம், தேய்த்து எடுக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

வீடு கடலோரம், போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் ரகம். முன்பு இருந்த மஞ்சள் பித்தளை வால்வை ஒருநாள் மூடப்போனால் வீல் மட்டும் சும்மா சுற்றுகிறது. கழற்றிப் பார்த்தால் ஸ்பிண்டில் உள்ளேயே முறிந்திருந்தது, முறிந்த முகம் மஞ்சளே இல்லாமல் செங்கல் நிறத்தில் இருந்தது, ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

இதற்குக் காரணம் துத்தநாகம். வால்வு செய்கிற பித்தளையில் அது பெரும்பாலும் 35 சதவீதத்துக்கு மேல் இருக்கும், குளோரைடு கலந்த தண்ணீர் அதை மட்டும் கரைத்துக்கொண்டு போய்விடும், மிச்சம் நிற்பது பலமே இல்லாத, நுண்துளை விழுந்த செம்பு. கன்மெட்டலில் துத்தநாகம் 5 சதவீதம்தான், அதனால் இந்தத் தொல்லை இல்லை. மற்றபடி செம்பு 85, வெள்ளீயம் 5, காரீயம் 5. ஐ.எஸ். 318 என்ற இந்தியத் தரத்தில் இதற்குப் பெயர் எல்.டி.பி.2. உப்பைத் தாங்குகிற குணமும் கெட்டித்தன்மையும் வெள்ளீயத்தால் வருவது. காரீயம் வார்ப்பில் விழும் பொடித்துளைகளை அடைக்கிறது, மரை வெட்டவும் சுலபமாக்குகிறது. இதன் மூத்த வகை காரீயமே சேராத 88-10-2 (செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2), கடல்நீர் படும் கப்பல் உதிரிகளுக்குப் பிரிட்டிஷ் கடற்படை நம்பிய உலோகம் அது. அபார்ட்மெண்ட் படிக்கட்டில் சிவப்புப் பெயிண்ட் அடித்து நிற்கும் தீயணைப்பு வால்வும் பெரும்பாலும் கன்மெட்டல் வார்ப்புதான்.

சரி, குறை என்ன? முதலில் விலை, பித்தளையைவிடக் கணிசமாக அதிகம், செம்பும் வெள்ளீயமும் அந்த விலை. அடுத்தது, பாடியில் கன்மெட்டல் என்று பெரிதாகப் போட்டுவிட்டு ஸ்பிண்டிலைச் சாதாரணப் பித்தளையில் செய்து தருகிறார்கள். வீல் சுற்றும்போது மேலே எழும்பாத மாடல்களில் ஸ்பிண்டில் மரை முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும், உப்பு முதலில் பிடிப்பதும் அங்கேதான். என்னுடையது இப்போது கொஞ்சம் இறுக்கமாகத் திரும்புவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மாதம் ஒருமுறையாவது முழுக்க மூடித் திறந்துவிடுங்கள், பாதி திறந்து வைத்து ஓட்டாதீர்கள், உள்ளே கேட்டும் அது போய் உட்காரும் சீட்டும் தேய்ந்து அப்புறம் மூடினாலும் ஒழுகும்.

மூன்றாவது காரீயம். அமெரிக்காவில் 2014 முதல் குடிநீர் படும் பாகங்களில் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது, இதில் இருப்பதோ 5. குளிக்க, துவைக்க, தோட்டத்துக்குப் போகும் லைனில் எனக்குக் கவலையில்லை, சமையலறைக் குழாய்க்குப் போகும் லைனில் நான் இதைப் போடவில்லை.

கடையில் ஏமாறாமல் இருக்க ஐ.எஸ். 778 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை பாடியில் இருக்கிறதா பாருங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், பித்தளையிலும் ஒட்டாது, இதிலும் ஒட்டாது. கடைக்காரர் சம்மதித்தால் ஓரத்தில் அரத்தால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள், பளிச்சென்று மஞ்சள் தெரிந்தால் பித்தளை, செம்மை கலந்த பழுப்பு தெரிந்தால் கன்மெட்டல்.

மாட்டும்போது இன்னொன்று. பழைய ஜிஐ பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) இதை நேராக முடுக்கினால் வால்வு பிழைத்துக்கொள்ளும், பைப்பின் மரைதான் துருப்பிடித்துப் போகும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு பைப் வைக்கச் சொல்லுங்கள், பிளம்பர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.