சோம்பேறி அறிவிப்பாளர்களின் காலை நிகழ்ச்சி: கேட்கலாமா?

காரைக்குடிப் பக்கம் கேட்கிற ஒரு சமுதாய வானொலியின் காலை நிகழ்ச்சி இது. 100 வாட் நிலையம், ஊர் தாண்டினால் கொர்ர்தான். அது அறிவிப்பாளர்கள் குற்றமில்லை. மற்றதெல்லாம் அவர்கள் குற்றம்.

வேலைக்கு டிமிக்கி கொடுக்க, ஒரு வாரப் பேச்சை ஒரே மதியத்தில் பதிந்து பாட்டுகளுக்கு நடுவே கணினியில் சொருகிவிடுகிறார்கள். முறை தப்பில்லை, பெரிய நிலையங்களும் செய்வதுதான். ஆனால் பதிவில் மணி சொல்லக் கூடாது. நாலைந்து விளம்பரம் கூடினால் பின்னால் வருவதெல்லாம் தள்ளிப்போகும். 'மணி ஏழு பத்து' என்பது ஏழேகாலுக்கு ஒலிக்கிறது. மண்டை பிளக்கும் வெயிலில் 'குடை எடுத்துக்கங்க ஆச்சி, மழை வருது' என்றதும் முன்கூட்டியே பதிந்த பேச்சுதான்.

நேயர் அழைப்பும் பழைய பதிவே. ஒரே ஆச்சி திங்களும் வியாழனும் கும்மாயம் என்ற செட்டிநாட்டு இனிப்பைக் கிண்டுகிறார். பாட்டு வரிசை தீர்ந்துபோனால் முழு மௌனம். ஒலி 10 விநாடி நின்றால் மாற்றுப் பாட்டு தானாக ஓடும்படி மென்பொருளில் அமைத்திருந்தால் மாட்டியிருக்க மாட்டார்கள். அதற்கும் சோம்பல்!

ஆச்சி பக்குவம் மட்டும் அசல்: உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசியைத் தனித்தனியாக வறுத்து அரைத்து, வடிகட்டிய கருப்பட்டிக் கரைசலில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பு, நெய் கொஞ்சம் கொஞ்சமாக. திங்கள் தவறினால் வியாழன் கேட்டுக்கொள்ளலாம்.