ஒற்றை உடலா, இரட்டை உடலா: செம்பூரிலிருந்து ஒரு படகுக் கணக்கு

எங்கள் மும்பை செம்பூர் பால்கனியில் நின்றால் கடல் தெரியாது, எதிர் பில்டிங்கின் துணிக்கொடிதான் தெரியும். ரிடையர் ஆன பிறகு பாய்மரப் படகில் குடியிருக்கலாமா என்று கேட்டபோது மனைவி மறுக்கவில்லை. "குக்கர் வைக்க இடமிருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் ஒன்றரை வருஷமாகச் சனிக்கிழமை தோறும் கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் போய்ப் பாய் விரிக்கவும் சுருட்டவும் கற்றுக்கொள்கிறேன். குடியிருக்கத் தோதான படகுகள் இரண்டு ஜாதி: மோனோஹல் என்கிற ஒற்றை உடல், கேட்டமரன் என்கிற இரட்டை உடல். இரண்டிலும் ஏறி இறங்கியாயிற்று.

கேட்டமரன் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் காலரைத் தூக்கிவிட அவசரம் வேண்டாம். கட்டுமரம் என்பது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இரண்டு உடல்களைப் பாலம் போட்டு இணைத்தது பசிபிக் தீவுக்காரர்களின் வித்தை. பெயர் மட்டும்தான் நம்முடையது.

முதலில் சமையல் கட்டு, எங்கள் வீட்டில் ஓட்டு அங்கேதான் இருக்கிறது. ஒற்றை உடல் படகு காற்று பிடித்தால் பதினைந்து, இருபது டிகிரி சாய்ந்துகொண்டே ஓடும். அடுப்பு மட்டும் ஊஞ்சல் மாதிரி தொங்கி நேராக நிற்கும், சமைக்கிறவர் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரட்டை உடலில் டவரா டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். நங்கூரம் போட்டு நிற்கும்போதும் இதே கதைதான். கேட்வே எதிரில் எலிஃபண்டா லாஞ்சுகள் போக வர, ஒற்றை உடல் நாள் முழுக்கத் தொட்டில் ஆடும். இரட்டை உடல் லேசாக உதறிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் நடுப்பாலத்தின் அடியில் அலை மோதுகிற சத்தம் இருக்கிறதே, ராத்திரி யாரோ கதவைத் தட்டுவதுபோலவே இருக்கும்.

குக்கர் விஷயத்தில் மட்டும் சண்டையே இல்லை. மூடி பூட்டிக்கொள்வதால் கொதிக்கிற சாம்பார் மேலே கொட்டாது, கேஸும் மிச்சம். நீண்ட கடல் பயணம் போகிற வெள்ளைக்காரர்களும் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

பாதுகாப்பு என்று வந்தால் ஒற்றை உடலுக்கே கூடுதல் மார்க். அதன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அடியில் கீல் (keel) என்கிற பாரமாக, ஈயமாகவோ இரும்பாகவோ தொங்குகிறது. படகு உருண்டாலும் அது இழுத்து நிமிர்த்திவிடும். 2018-ல் தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் போன நம் கடற்படை வீரர் அபிலாஷ் டோமியின் ஒற்றை உடல் படகு, தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் உருண்டு, பாய்மரங்கள் ஒடிந்து, அவருக்கு முதுகெலும்பில் அடிபட்டது. படகு நிமிர்ந்தே மிதந்தது, மீட்புக்குழு வரும்வரை அவர் அதிலேயே கிடந்தார். இரட்டை உடல் லேசில் கவிழாது. கவிழ்ந்துவிட்டால் நிமிராது, தலைகீழாகவும் அதே உறுதியோடு மிதக்கும். ஆனால் அறுபது தாண்டிய நாங்கள் தென்கடல் புயலுக்குள் போகப்போவதில்லை. எங்களுக்கு நிஜமான ஆபத்து டிங்கி என்கிற குட்டிப் படகிலிருந்து பெரிய படகில் ஏறும்போது முழங்கால் மடங்குவது. இரட்டை உடலின் பின்பக்கம் மாடிப்படிபோல அகலப் படிகள் உண்டு. பழைய ஒற்றை உடல்களில் ஏணிதான்.

பணம்: அதே நீளத்துக்கு இரட்டை உடல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு எஞ்சின், இரண்டு செலவு. அகலம் இருபது அடிக்கு மேல் என்பதால் மெரினாக்கள், அதாவது படகு நிறுத்தும் துறைகள், பெரும்பாலும் ஒன்றரை மடங்கு வாடகை கேட்கும். அப்புறம், சுமை ஏறினால் அது ஓடவே ஓடாது. வெட் கிரைண்டரும் அரிசி மூட்டையும் இல்லாமல் கிளம்பாத குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

படகை எங்கே வைப்பது என்பதில்தான் என் கணக்கே மாறியது. மும்பையில் கேட்வே எதிரில் திறந்த நீரில் மிதவையில் கட்டி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கேட்வேயிலிருந்து எதிர்க்கரை மாண்ட்வாவுக்குப் போகிற ஃபெர்ரியே நின்றுவிடும், பாய்ப் படகுகளையும் கரையேற்றிவிடுவார்கள். ஆக வருஷத்தில் நான்கு மாதம் செம்பூர் வாசம்தான். இறக்குமதிப் படகு என்றால் சுங்கம் தனி, அதற்கு மேல் 2025 செப்டம்பரிலிருந்து உல்லாசப் படகுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 40 சதவீதம். கொச்சி போல்காட்டியில் மெரினா இருக்கிறது, காயலுக்குள் என்பதால் மழையிலும் ஒதுங்கலாம். ஆனால் கொஞ்சம் படகுகளுக்குத்தான் இடம்.

மூன்றாவது மலேசியாவின் லங்காவி. வரியில்லாத் தீவு, புயல் பாதைக்கு வெளியே, வருஷம் முழுக்கப் படகு தண்ணீரிலேயே இருக்கலாம், பல மெரினாக்கள். கெடா மாநிலத்தைச் சேர்ந்தது, அதாவது நம் பழைய கடாரம். ராஜேந்திரன் படையெடுத்துப் போன இடத்துக்கு நான் பென்ஷனோடு போகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பினாங்கு, சுமார் 60 கடல் மைல், தமிழிலேயே நோயைச் சொல்லலாம். விசாவும் பணம் அனுப்பும் வரம்பும் தலைவலிதான். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றுதான் படுகிறது.

என் ஓட்டு: லங்காவியில் 36 அடிப் பழைய ஒற்றை உடல், செம்பூர் ஃப்ளாட்டை விற்கக் கூடாது. மனைவியின் ஓட்டு இரட்டை உடலுக்கு, காரணம் அவள் முழங்கால். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிப்ரவரியில் அங்கே இரண்டிலும் மூன்று மூன்று நாள் வாடகைக்குத் தங்கிப் பார்க்கப் போகிறோம். மூன்று லிட்டர் குக்கரை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டாள்.