தெர்மோகோல் இருக்கையும் டின் மீனும்: டிஎன்டி குடிலில் ஓர் ஈஸ்டர்

ஈஸ்டர் வாரத்தில் நார்வே நகரம் ஒன்றில் தனியாக மாட்டிக்கொள்ளாதீர்கள். வியாழன், வெள்ளி, அப்புறம் திங்கள் என்று மூன்று நாளும் விடுமுறை, பெரும்பாலான கடைகள் மூடிக்கிடக்கும். ஸ்டாவங்கரில் எங்கள் தெருக்காரர்கள் கார் கூரைமேல் நீளமான பெட்டியைக் கட்டிக்கொண்டு புதன்கிழமை மதியமே மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பது நாங்களும் கடல் பறவைகளும்தான். நாகர்கோவிலில் வளர்ந்த எனக்கு ஈஸ்டர் என்றால் இருட்டோடு எழுந்து போகும் ஆராதனை, திரும்பி வந்தால் வீடு கொள்ளாத சொந்தம். இங்கே வந்து முதல் மூன்று வருடமும் அந்த நாட்களில் ஜன்னலுக்கு வெளியே மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, என் கிளாஸ்ல எல்லாரும் ஹித்தேக்குப் போறாங்க. நாம மட்டும்தான் போகல" என்றான் பன்னிரண்டு வயது மகன். ஹித்தே என்றால் மலைக் குடில். இங்கே பாதிப் பேருக்குத் தாத்தா வைத்துவிட்டுப்போன குடில் ஒன்று இருக்கும். எங்கள் தாத்தா வைத்துவிட்டுப்போனது நாலு தென்னை மரம். அதனால் டிஎன்டியில் உறுப்பினர் ஆனோம்.

டிஎன்டி என்பது நார்வேயின் மலைநடைச் சங்கம். 1868இல் தொடங்கியது. இன்று 3 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள், நாடு முழுக்க 500க்கு மேல் குடில்கள். இவற்றில் மூன்று வகை உண்டு. ஆள் வைத்துச் சமைத்துப் போடும் குடில் ஒன்று, ஹோட்டல் மாதிரி. அடுப்பும் கட்டிலும் மட்டும் இருக்கும், சாப்பாட்டை நாமே சுமந்து போகவேண்டிய குடில் ஒன்று. நடுவில் ஒரு வகை இருக்கிறது: ஆள் கிடையாது, ஆனால் சாமான் அறை நிறைய உணவு இருக்கும். எடுத்துச் சமைத்துக்கொள்ளலாம், எடுத்ததை எழுதிவைத்துவிட்டு அப்புறம் பணம் கட்டலாம். நான் எழுதவந்தது இந்த நடு வகையைப் பற்றி.

சாவியைச் சொல்லாமல் விடக்கூடாது. உறுப்பினராகி முன்பணம் கட்டினால் ஒரு சாவி தருவார்கள். பூட்டிவைத்திருக்கும் டிஎன்டி குடில்களில் பெரும்பாலானவை அந்த ஒரே சாவிக்குத் திறக்கும். அதைக் கையில் வாங்கியதும் என் கணவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நம்ம ஊர்ல குடுத்தா?" என்றார். ஒன்றும் சொல்லவில்லை நான். இருவருக்கும் பதில் தெரியும்.

ஸ்டாவங்கர்காரர்கள் ஈஸ்டருக்குப் போவது சிர்டால் பள்ளத்தாக்குக்கு. காரில் இரண்டு மணி நேரம். ஓட்னெராம் என்ற இடத்தோடு குளிர்காலச் சாலை முடிகிறது. அதற்கப்பால் ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே நுழையும் கடல்) பக்கம் இறங்கும் சாலையைப் பனிக்காலம் முழுக்க மூடிவைத்திருப்பார்கள். அங்கே காரை விட்டுவிட்டுப் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டவேண்டும். வழிதவறாமல் இருக்க, பனியில் வரிசையாக மரக்கிளைகளை நட்டுவைத்திருக்கிறார்கள். கோடையில் பாறையில் சிவப்பு டி (T) எழுத்தைப் பார்த்து நடப்போம். பனி மூடினால் அந்த எழுத்து எங்கே தெரியப்போகிறது? அப்போது இந்தக் கிளைகள்தான் துணை.

முந்தைய வருடம் இதே பாதையில் பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டோம். காற்று அடித்த அடியில் அடுத்த கிளை கண்ணுக்குத் தெரியவில்லை. அன்று எனக்கு அவமானமாக இருந்தது. மகன் க்விக் லுன்ஷ் சாக்லேட்டைப் பிரித்து உறையின் உள்பக்கத்தைக் காட்டினான். 1937 முதல் விற்கும் இந்த நான்கு விரல் வேஃபர் இல்லாமல் நார்வேக்காரர் மலையேற மாட்டார் (கிட்கேட் மாதிரி இருக்கிறதே என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்). உறைக்குள்ளே மலை விதிகளை அச்சடித்திருக்கிறார்கள். 1967 ஈஸ்டரில் மலையில் 18 பேர் செத்துப்போன பிறகு இந்த விதிகளைப் பெரிய அளவில் பரப்பினார்கள். மொத்தம் ஒன்பது. எட்டாவது: நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் இல்லை.

இந்த வருடம் வானம் நீலமாக இருந்தது. சிரமம் எல்லாம் காலில். வாடகைக்கு எடுத்த கடையில் ஒரு அளவு சின்ன பூட்ஸைத் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் அங்கேயே நாலு அடி நடந்து பார்த்திருக்க வேண்டும். ஒன்பது கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆனது. எழுபது வயது மதிக்கத்தக்க பாட்டி ஒருவர், முதுகில் பையும் அதில் செருகிய ஃபிளாஸ்குமாக எங்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் "ஹை ஹை" என்றார்.

குடிலுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது ஈரக் கம்பளிக் காலுறையின் வாடை. அடுப்புக்கு மேலே கம்பிகளில் பத்துப் பதினைந்து ஜோடி தொங்கிக்கொண்டிருந்தன. மின்சாரம் இல்லை, குழாய் இல்லை, குளியல் இல்லை. விறகடுப்பு, சமைக்க கேஸ், மெழுகுவர்த்தி. அடுக்குக் கட்டிலில் தலையணையும் ரஜாயும் உண்டு. அதற்குள் நுழைந்து படுக்க மெல்லிய துணிப்பை ஒன்றை நாம்தான் கொண்டுபோக வேண்டும். தண்ணீருக்கு வாளியை எடுத்துக்கொண்டு ஏரிப் பனியில் வெட்டிய துளைக்குப் போகவேண்டும். அது உறைந்துகிடந்தால் பனியை உருக்கவேண்டும். ஒரு பெரிய சட்டி நிறையப் பனியை அழுத்தி வைத்தால் கடைசியில் நாலு டம்ளர் தண்ணீர் தேறும்.

கழிப்பறை வெளியே, முப்பது அடி தள்ளி. இரவு பத்து மணிக்கு, மைனஸ் பன்னிரண்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனேன். மரப்பலகையில் ஓட்டை, அதன்மேல் வட்டமாக வெட்டிய தெர்மோகோல். தயங்கித் தயங்கித்தான் உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வெதுவெதுப்பாக இருந்தது. எங்கள் வீட்டுப் பீங்கான் கூட இவ்வளவு இதமாக இல்லை. குளிரில் தெர்மோகோல் உடம்பின் சூட்டை உறிஞ்சாது, அவ்வளவுதான் விஷயம்.

இனி சாமான் அறை. ஒரு சின்ன மளிகைக்கடையைக் கடைக்காரர் இல்லாமல் விட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். க்னெக்கெப்ரோட் என்னும் மொறுமொறு ரொட்டி, சூப் தூள், ஓட்ஸ், பாஸ்தா, அரிசி, டின் இறைச்சி, டின் அன்னாசி, கோக்கோ, காபி. சுவரில் விலைப்பட்டியல். கேமரா கிடையாது. இத்தனையும் பனி ஸ்கூட்டரில் ஏறி வந்த சாமான். அதை ஏற்றி இறக்கி அடுக்குபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத உறுப்பினர்கள். நகரத்து விலையை எதிர்பார்த்துக்கொண்டு வராதீர்கள்.

எனக்குக் கண்ணில் பட்டது ஃபிஸ்கெபொல்லர். மீன் உருண்டை, வெள்ளையாக, வழவழவென்று, ஒரு சாற்றில் மிதக்கும். இந்த நாட்டில் இதை மாவும் பாலும் கலந்த வெள்ளைச் சாற்றில் போட்டு உருளைக்கிழங்கோடு சாப்பிடுகிறார்கள். மருத்துவமனையில் கொடுக்கும் சாப்பாடு மாதிரி இருக்கும். நான் வீட்டிலிருந்து கொடம்புளி நாலு துண்டு, மிளகாய் மல்லி மஞ்சள் கலந்த பொடி ஒரு டப்பா, தேங்காய்ப்பால் பொடி ஒரு பாக்கெட் கொண்டுபோயிருந்தேன். புளியைச் சுடுநீரில் ஊறவைத்து, அங்கே இருந்த வெங்காயத்தை வதக்கி, பொடியைப் போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் உருண்டைகளை இறக்கினேன். ஸ்பாஞ்சு மாதிரி இருக்கும் அந்த உருண்டைக்கு மீன் ருசி குறைவு, ஆனால் குழம்பைக் குடிக்கும் திறமை அதிகம். பத்து நிமிடம் ஆறவிட்டுக் கடித்தால் உள்ளே வரை புளிப்பு. பாட்டி, அதே "ஹை ஹை" பாட்டிதான், தட்டோடு வந்து நின்றார். இரண்டாவது முறையும் வந்தார். மூன்றாம் முறை வரும்போது அவருடைய ப்ருனோஸ்ட் பழுப்புச் சீஸையும், அதைச் சீவும் கத்தியையும் எங்கள் பக்கம் தள்ளிவைத்தார்.

மறுநாள் பெரிய வெள்ளி. நார்வே மொழியில் அதற்கு "நீண்ட வெள்ளி" என்று பெயர். எங்கள் ஊரில் அன்று கஞ்சியும் பயறும். குடில் அரிசியைக் குழைய வடித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாசிப்பயறை வேகவைத்தேன். தாளிக்கக்கூட இல்லை. அதை முடித்துவிட்டு, மற்றவர்கள் செய்வது போலவே வெயில்படும் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தைச் சுட்டது. இங்கே ஈஸ்டரில் ஏசுவைவிட ஆரஞ்சுக்கு மரியாதை அதிகம் என்று எனக்கு எப்போதும் ஒரு குறை. அன்று நானும் இரண்டு உரித்தேன். பாட்டி துப்பறியும் நாவலில் மூழ்கியிருந்தார். ஈஸ்டருக்குக் கொலைக்கதை படிப்பது இவர்கள் வழக்கம், பால் பாக்கெட்டில்கூட அந்த வாரம் துப்பறியும் படக்கதை போட்டிருப்பார்கள்.

குறை ஒன்று சொல்லவேண்டும், அது எங்களுக்கு முன் தங்கிய யாரோ மேல். விறகுப்பெட்டியைக் காலியாக விட்டுப்போயிருந்தார்கள். கிளம்பும்போது விறகு நிரப்பவேண்டும், சாம்பல் அள்ளவேண்டும், தரையைத் துடைக்கவேண்டும் என்பது எழுதி ஒட்டிய விதி. குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தவுடன் கோடாலி தேடுவது என்ன வேதனை என்று அனுபவித்தால் தெரியும். என் கணவர் வாழ்க்கையில் முதல்முறை விறகு பிளந்தார். அதில் பாதி சிராய்.

சனிக்கிழமை காலை கணக்குப் போட உட்கார்ந்தோம். தாளில் எழுதிப் பெட்டியில் போடலாம், அல்லது செயலியில் கட்டலாம். அன்னாசி டின் ஒன்றா இரண்டா என்று எனக்கும் கணவருக்கும் வாக்குவாதம். மகன் குப்பைப்பையைத் திறந்து டின்களை எண்ணினான். இரண்டு. இரண்டு இரவு, மூன்று பேர், சாப்பாட்டோடு சேர்த்து 3,000 குரோனருக்குக் கொஞ்சம் கீழே. ஈஸ்டர் வாரத்தில் மலை ஹோட்டலில் இந்தப் பணத்துக்கு ஓர் இரவே கஷ்டம்.

யாருக்கு ஒத்துவராது என்றும் சொல்லிவிடுகிறேன். இரவில் அடிக்கடி எழுந்து போகிறவர்களுக்கு வேண்டாம். தெரியாதவர்களோடு ஒரே அறையில் தூங்கமுடியாதவர்களுக்கும் வேண்டாம். முன்பதிவு இல்லாமல் வந்து சேர்ந்தவரையும் இங்கே வெளியே அனுப்புவதில்லை, தரையில் மெத்தை போட்டுப் படுத்துக்கொள்ளலாம். அதனால் ஈஸ்டரில் குறட்டைக்குப் பஞ்சமில்லை. பனிச்சறுக்கு தெரியாத சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஈஸ்டரில் தொடங்காதீர்கள். ஆகஸ்டில் நடந்தே போகக்கூடிய குடில் ஒன்றில் தொடங்குங்கள். மற்றபடி எனக்கு ஐந்துக்கு நாலரை. அந்த அரை எதற்குக் குறைத்தேன் என்றால், சாமான் அறையில் மிளகாய் என்ற பொருளே இல்லை.

மே மாதம் துவைக்கப் போடும்போது மகனின் ஜாக்கெட் பையில் குடில் கோக்கோ பாக்கெட் ஒன்று கிடைத்தது. "யாருக்குத் தெரியப்போகுது, விடு" என்றார் கணவர். மகன் முறைத்துவிட்டு, செயலியைத் திறந்து அவனே பணம் கட்டினான். அன்று சாயங்காலம் மூன்று பேரும் அதைப் பகிர்ந்து குடித்தோம். கோக்கோ சுமார்தான்.