அதிபரைத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு: காரைக்குடியில் ஒரு ஞாயிறு வகுப்பு

காரைக்குடியில் பழைய நகரத்தார் வீடு ஒன்றின் வளவில் இயங்கும் போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையம், அரசமைப்புச் சட்டம் குறித்து ஞாயிறுதோறும் அரைநாள் சிறப்பு வகுப்பு நடத்துகிறது. கட்டணம் 300 ரூபாய். சென்ற மாதம் நான் போன அன்று, பதவியிலிருக்கும் அதிபரை மக்களே வாக்களித்து இறக்கும் முறை பாடமாக இருந்தது. நம் நாட்டில் 61-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரை நீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடமே உள்ளது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஆசிரியர் நேரே வெனிசுவேலாவுக்குப் போனார்.

அந்நாட்டின் 1999-ஆம் ஆண்டு அரசமைப்பின் 72-ஆம் பிரிவு, பதவிக்காலத்தில் பாதி கழிந்தபின், பதிவுபெற்ற வாக்காளர்களில் 20 சதவீதத்தினர் கையெழுத்திட்டால் வாக்கெடுப்பு கோரலாம் என்கிறது. அப்போதைய அதிபர் ஊகோ சாவேசுக்கு எதிராக 2003 நவம்பர் இறுதியில் கையெழுத்துகள் திரட்டப்பட்டன, தேவை 24,36,083. ஒரே கையால் நிரப்பப்பட்டவைபோல் தோன்றிய படிவங்களைத் தேர்தல் மன்றம் ஐயத்துக்குரியவை என ஒதுக்கியதால், அவற்றில் கையெழுத்திட்டவர்கள் 2004 மே இறுதியில் மறுபடியும் நேரில் வந்து உறுதிசெய்ய வேண்டியதாயிற்று. ஆசிரியர் எங்களிடமே படிவங்களைக் கொடுத்து நிரப்பச் சொல்லி, இருவரைச் சரிபார்க்க அமர்த்தினார். கோயிலில் புள்ளிக் கணக்கு (குடும்பப் பதிவேடு) எழுதிப் பழகிய பெரியவர் ஒருவர், ஒரே கை எழுதிய மூன்று வரிகளை உடனே சுட்டிக்காட்டினார். வாக்குச் சாவடி திறப்பதற்கு முன்பே இந்தப் போராட்டத்தின் பெரும்பகுதி பதிவேட்டில் நடந்துவிடுகிறது என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

சாவேசை நீக்க, அவர் தேர்வானபோது பெற்ற 37,57,773 வாக்குகளுக்குக் குறையாமல் நீக்கத்துக்கு ஆதரவான வாக்குகள் விழுவதோடு, அவை எதிர் வாக்குகளையும் விஞ்ச வேண்டும். 2004 ஆகஸ்ட் 15 அன்று நீக்கத்துக்கு ஆதரவாகச் சுமார் 39.9 லட்சம் வாக்குகள் விழுந்து முதல் நிபந்தனை நிறைவேறியும், எதிராக 58 லட்சம் விழுந்ததால் சாவேஸ் நிலைத்தார். இதைக் கரும்பலகையில் படிப்படியாக எழுதிக்காட்டிய விதம் மிகச் சிறப்பு.

குறைகளும் உண்டு. 2016-இல், சாவேசுக்குப் பின் அதிபரான மதுரோவுக்கு எதிரான முயற்சி, 20 சதவீதக் கையெழுத்துத் திரட்டல் தொடங்கும் முன்பே நீதிமன்ற ஆணைகளைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. அதற்கு ஐந்து நிமிடம்கூடத் தரவில்லை. முடிவு செல்லுபடியாக 40 சதவீத வாக்குப்பதிவு தேவைப்பட்ட மெக்சிகோவின் 2022 அதிபர் வாக்கெடுப்பில் 18 சதவீதத்தினர்கூட வாக்களிக்காதது ஏன் என்பதும் பேசப்படவில்லை. குறிப்பேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்வழி படித்து வந்த பிள்ளைகள் திணறியதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. தமிழ்க் குறிப்புகளை அவசியம் தர வேண்டும்.

அடுத்த மாதம் ருமேனியாவின் 2012 வாக்கெடுப்பு பாடமாம். அதற்கும் பணம் கட்டிவிட்டேன்.